இன்னும் ரெண்டு சொட்டு

என் வீட்டுக்காரர் முருகப்பன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. காரைக்குடி செக்காலை ரோட்டில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். ஒரு டப்பா வெள்ளை வாங்க வருகிறவரை உட்கார வைத்து, வாசலுக்கு என்ன கலர், ஜன்னலுக்கு என்ன கலர், மாமியார் படுக்கிற அறைக்கு என்ன கலர் என்று அரை நாள் பேசி, மூன்று டப்பாவோடு அனுப்பி வைக்கிற ஆள். அதே வாயோடுதான் வீட்டுக்கும் வருவார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்லுவார். நான் விடுவேனா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாத நாள் இல்லை. எங்கள் சத்தம் கேட்கவில்லையென்றால் பக்கத்து வீட்டில், "தேனம்மை ஆச்சி ஊருக்குப் போயிருக்காகளா?" என்று விசாரிப்பார்கள்.

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. ஆடி மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷைக் கீழே போட்டார். வலது கன்னத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல் அப்படியே நின்றார். முகம் கோணிவிட்டது. பல்வலி என்று நினைத்து ஒரு பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. பல் போனது, வலி போகவில்லை. கடைசியில் மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். முகத்தில் ஓடுகிற ஒரு நரம்பு செய்கிற வேலையாம். காற்றுப் பட்டால், தண்ணீர் பட்டால், மென்றால், பேசினால், கரண்டு அடித்தாற்போல் சுரீரென்று இழுக்கும். மாத்திரை கொடுத்தார். அதைக் கூட்டியபோது இவருக்குத் தலை சுற்றிக் கடைப் படியில் விழுந்தார். குறைத்தபோது வலி பழையபடி வந்துவிட்டது.

மெல்ல மெல்லப் பேச்சையே நிறுத்திவிட்டார். கடையில் வேலை செய்கிற சோணைமுத்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டான். வீட்டில், அடுத்த அறையிலிருக்கிற எனக்கு வாட்ஸப்பில் செய்தி வரும். காப்பி. தண்ணி. சரி. அதுவும் நாளாக நாளாகத் தேய்ந்து, எதற்கெடுத்தாலும் ஒரு மஞ்சள் கட்டை விரல். என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டால் கட்டை விரல். நான் ஒருத்தி இங்கே கத்திக்கொண்டிருக்கிறேனே, காதில் விழுகிறதா இல்லையா என்றாலும் கட்டை விரல். போனைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் வலியைப் பார்த்துப் பயம் வந்ததைவிட, வீட்டிலிருந்த அமைதியைப் பார்த்துத்தான் அதிகம் பயம் வந்தது. திட்டினால் திருப்பித் திட்ட ஆள் வேண்டாமா? நான் பாட்டுக்குப் பேசுவேன், பதில் வராது, கொஞ்ச நேரத்தில் நானும் நிறுத்திவிடுவேன். பிறகு மிக்ஸி ஓடினால்தான் வீட்டில் சத்தம். எனக்கு அவர் பேச வேண்டும். என்னோடு பேச வேண்டும். வேறு ஒன்றுமே நான் சாமியிடம் கேட்கவில்லை. சுயநலம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து எங்கள் மகள் சௌபர்ணிகா போன் செய்தாள்.

"ஆத்தா, கோவப்படாமக் கேளு."

"நான் எப்ப கோவப்பட்டேன்டீ?"

"இந்தா, இப்ப. சரி, கேளு. அப்பச்சிக்குக் கஞ்சாச் செடியில செஞ்ச மருந்து ஒண்ணு இருக்கு. குடுத்துப் பாக்கலாமான்னு டாக்டரைக் கேப்போமா?"

போனை வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் வெற்றிலைகூட விசேஷத்துக்குத்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பையன்களைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிற சாமானைப் பெற்ற அப்பச்சிக்குக் கொடுக்கச் சொல்கிறாளே, படிக்க வைத்தது இதற்குத்தானா என்று பொருமிக்கொண்டே போய் அவரைப் பார்த்தேன். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து இடது கடைவாய் வழியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பூன் போனதும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், வலி வருமா வராதா என்று. திரும்பி வந்து நானே மகளைக் கூப்பிட்டேன்.

"சரி, சொல்லித் தொலை" என்றேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். இது ஆயுர்வேதத்தில் உள்ளதுதானாம். விஜயா என்று பெயராம். அனுமதி வாங்கிய கம்பெனிகள் செய்கிறார்களாம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்களாம். முதலில் மதுரை டாக்டரைக் கேட்டோம். "கேக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். முறையா ஒரு டாக்டரைப் பார்த்து, கொஞ்சமா ஆரம்பிச்சுப் பாருங்க. என் மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார். பிறகு கோயம்புத்தூரில் இருக்கிற நித்யஸ்ரீ என்கிற ஆயுர்வேத டாக்டரிடம் மகள் வீடியோவில் பேச ஏற்பாடு செய்தாள். திரையில் வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.

அவள் இவருடைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் பார்த்தாள். எதைக் கேட்டாலும் இவரைப் பார்த்துக் கேட்டாள். நான் பதில் சொன்னேன்.

"ஆச்சி, நான் அவரைக் கேக்கறேனுங்க."

"இவுகளால பேச முடியாதும்மா. இவுகளுக்கு என்ன செய்யுதுன்னு இவுகளைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

இவர் திரையைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். நிஜக் கட்டை விரல். அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

அடுத்து எதை வாங்குவது என்று வந்தது. மகள் படம் படமாக அனுப்பியிருந்தாள். ஒரு புடவை எடுக்க ஒரு பீரோவையே கவிழ்த்துப் போடச் சொல்கிறவள் நான். எனக்கே தலை கிறுகிறுத்தது. விதையில் ஆட்டிய எண்ணெய் ஒன்று இருந்தது. அது வெறும் சமையல் எண்ணெய் மாதிரி, சத்துக்குத்தான், வலிக்கு ஆகாது என்று டாக்டர் தள்ளிவிட்டாள். தடவுகிற தைலம் ஒன்று. கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலே துடிக்கிற மனுஷருக்கு எங்கே தடவுவது? மெல்லுகிற மிட்டாய் ஒன்று, மாம்பழ வாசனையோடு. மென்று தின்ன முடிந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன் என்று கேட்டேன். மாத்திரை இருந்தது. மாத்திரை என்றாலே இவர் கடைப் படியில் விழுந்ததுதான் என் கண் முன்னால் வந்தது. கடைசியில் சொட்டு மருந்து. சின்ன பாட்டில், மூடியிலேயே ஒரு குழாய். அளந்து விடலாம், கூட்டலாம் குறைக்கலாம். அதுவே சரி என்று எல்லாருக்கும் பட்டது.

அதிலும் மூன்று விதம் வைத்திருந்தார்கள், குறைந்தது, நடுத்தரம், கடுமையானது என்று. நான் கடுமையானதைக் கையால் தொட்டுக் காட்டினேன்.

"வேண்டாங்க ஆச்சி. புதுசா எடுக்கறவங்களுக்குக் குறைஞ்சதுதான்."

"வாங்குறதுதான் வாங்குறோம், நல்லதா வாங்குவோமே. நாங்க எதையும் கம்மியா வாங்கிப் பழக்கமில்ல."

"இது பலகாரம் இல்லைங்க ஆச்சி" என்றாள் அந்தப் பெண், முகம் மாறாமல். இவருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார். சிரித்தால் வலிக்குமே. அவர் சிரிக்க முடியாமல் அடக்குவதைப் பார்த்ததும் என் பிடிவாதம் போய்விட்டது. குறைந்ததையே எழுதச் சொல்லிவிட்டேன்.

எப்படிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். இரவு ரெண்டு சொட்டு. நெய் கலந்த சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு கொடுத்தால் வேலை செய்யக் கொஞ்சம் நேரமாகும், ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்பட்டு மேலே மேலே கொடுக்கக் கூடாது. இவருக்கு மட்டும்தான், வேறு யாரும் தொடக் கூடாது. எல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள். நெய் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னதில் பாதியை நான் காதில் வாங்கவில்லை.

பார்சல் வந்தது. கொண்டுவந்த தம்பியிடம் கையெழுத்துப் போடுவதற்குள் இங்குட்டும் அங்குட்டும் நாலு தடவை பார்த்துவிட்டேன். அவனுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்ன? பாட்டிலைக் கொண்டுபோய்ப் பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

இரவு கொடுக்க வேண்டியது. மத்தியானம் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் அந்த மாத்திரையைக் கூட்டச் சொன்னபோது நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் விழுந்தார். நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது. பெயரைக் கேட்டாலே குலை நடுங்குகிற இந்தச் சாமானை, அது என்ன செய்யும் என்று தெரியாமல் அவர் வாயில் நான் எப்படி விடுவேன்? அவருக்கு ஏதாவது ஆனால் சொல்லக்கூட வாய் வராதே. எனக்கு ஆனால் நான் ஊரையே கூட்டிவிடுவேன். அதனால் நானே முதலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள்.

அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். சாயங்காலப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் ஊற்றினேன். ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, நெய் விட்டு, அதன் மேல் ரெண்டு சொட்டு மருந்தையும் விட்டேன். கீரையைக் கசக்கின வாசம். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த துணியை எடுத்து வந்து மடித்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

இங்கேதான் நான் எங்கள் ஊர்க்காரி என்பதைக் காட்டிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இலையில் எதையும் ஒரு தடவை வைத்தால் அது வைத்ததாகவே கணக்கில் வராது. இரண்டாம் தடவை வைக்க வேண்டும். போதும் என்று கையை மறைத்தால் கையைத் தள்ளிவிட்டு மூன்றாம் தடவையும் வைக்க வேண்டும். அப்போதுதான் வந்தவர் சாப்பிட்டார் என்று அர்த்தம். அப்படியே வளர்ந்தவள் நான். ரெண்டு சொட்டில் ஆளுக்கு என்ன தெரிந்துவிடும் என்று, இன்னொரு பணியாரத்தை எடுத்து இன்னும் ரெண்டு சொட்டு விட்டேன். அதற்கும் பதில் இல்லை. காசை வாங்கிக்கொண்டு இலைத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறான் என்று கோபம் வந்தது. மூன்றாவது பணியாரத்துக்கு நான் சொட்டை எண்ணவில்லை. குழாயை அழுத்தினேன், நெய் ஊற்றுவது போல ஊற்றினேன்.

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. முதலில் நாக்கு உலர்ந்தது. அடுத்துக் குழாயில் விழுகிற தண்ணீர்ச் சத்தம் என் தலைக்குள் விழுந்தது. சரி, உட்காரலாம் என்று முற்றத்தைச் சுற்றி இருக்கிற வளவுக்கு நடந்தேன். எங்கள் வளவில் மொத்தமே நாலு தூண்தான். நடக்க நடக்கத் தூண் வந்துகொண்டே இருந்தது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. நான் உட்கார்ந்து ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது, சுவரில் கடிகார முள் நகரவே இல்லை. நான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன். இரவு அவருக்குக் கஞ்சி யார் வைப்பார்கள் என்றுதான் அடுத்து நினைத்தேன். உடனே அழுகை வந்தது.

என் அழுகைச் சத்தத்தில் அவர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். சமையல்கட்டுக்குப் போய்ப் பாட்டிலைப் பார்த்தார். தட்டையும் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் போன் இருந்தது. எழுத்தைத் தட்டப் பார்த்தார், தப்பும் தவறுமாக விழுந்தது. அப்புறம் போனைக் காதில் வைத்தார்.

"டாக்டர், நான் முருகப்பன் பேசுறேன், காரைக்குடி. என் பொண்டாட்டி எனக்குக் குடுத்த மருந்தைத் தின்னுட்டா."

மாதக்கணக்கில் கேட்காத அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். உயிர் போகிறது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன், அந்த நடுக்கத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

டாக்டர் அவரைப் பல கேள்வி கேட்டாள். எவ்வளவு, எப்போது, மூச்சு சரியாக இருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாளா. போன் சத்தம் எனக்கும் கேட்டது. வலியோ மயக்கமோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவிடும், தனியாக மட்டும் விடக் கூடாது என்றாள்.

"பயம்தான் அதிகமா இருக்கும். பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருக்கணுங்க. உங்களால முடியாது, எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க."

பக்கத்து வீடு என்றதும் நான் தரையைப் பிடித்துக்கொண்டு, "யாரையும் கூப்பிடாதீக. கஞ்சாத் தின்னவள்னு ஊரெல்லாம் பேரு வரும். கூப்பிடாதீக" என்று கத்தினேன்.

"நானே பேசுறேன்" என்றார் அவர், போனிலும் என்னிடமும் ஒன்றாக.

ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் பேச ஆரம்பித்தார். தைரியமாக இரு, ஒன்றும் ஆகாது என்றெல்லாம் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"ஆவணியில எங்க ஆச்சி வந்துட்டுப் போனாகள்ல. கொழம்புல உப்புக் கம்மின்னு சொன்னாக. அதுக்கு நீ என்னைய ஒரு வாரம் ஏசுனே. எங்க குடும்பத்துக்கே நாக்கு இல்லைன்னே. தேனு, அன்னைக்கு உப்புக் கம்மிதான்."

அவருடைய அக்கா வந்துபோனபோது நடந்ததைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் தனியாகப் போட்ட சண்டைகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்திருக்கிறார்.

"கம்மி இல்ல" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒங்க ஆச்சிதான் ஊறுகாயைத் தொட்டுக்கிட்டுக் கொழம்பைச் சாப்பிட்டாக. ஊறுகாயைத் தொட்ட நாக்குக்கு எது உப்பாத் தெரியும்?"

"சரி, அதை விடு. நம்ம படுக்குற அறைக்கு ஒரு பச்சை அடிச்சியே. பெயிண்டுக் கடைக்காரன் நான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"கேட்டேன். கட்டை விரலக் காட்டுனீக."

"வேணாம்னு காட்டுனேன்."

"மேல பாத்துத்தான இருந்துச்சு?"

"நீ பார்த்த பக்கம் அப்படி. அது ஆஸ்பத்திரிப் பச்சை, தேனு. காலையில கண்ணு முழிச்சா எனக்கு ஊசி போட நர்ஸு வருவாகளோன்னு இருக்கு."

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கையில் மறுபடியும் பயம் வந்துவிட்டது, தூண் ஆடுகிற மாதிரி இருந்தது. "பேசுங்க, பேசுங்க, நிறுத்தாதீக" என்று அவர் கையை நசுக்கினேன். அவர் நிறுத்தவில்லை. பழைய ஸ்கூட்டரை அவரைக் கேட்காமல் நான் கொடுத்துவிட்டது. திருப்பத்தூர்க் கல்யாணத்துக்கு அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போனது. சௌபர்ணிகாவிடம் அப்பச்சிக்கு வலி குறைந்துவிட்டது என்று போனில் பொய் சொன்னது. ஒவ்வொன்றாக எடுத்தார். நான் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கு நின்றேன். சில இடத்தில் வார்த்தையின் நடுவில் அப்படியே நின்றுவிடுவார். நான், "ம், அப்புறம்?" என்பேன். ஒரு மூச்சு இழுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். என் மூளை இருந்த நிலைமைக்கு அவர் ஏன் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெயில் முற்றத்திலிருந்து ஏறிப் போயிருந்தது. நெஞ்சுத் துடிப்பு அடங்கி, தூண்களும் பழையபடி நாலாகிவிட்டன. அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகை இல்லை அது, வலி தாங்காமல் தானாக வருகிற தண்ணீர். கன்னத்தைத் துடைக்கக்கூட முடியாது, தொட்டால் அது வேறு இழுக்கும். அதனால் வழிய விட்டுவிட்டிருந்தார். சட்டைக் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தக் கரண்டு அடித்திருக்கிறது. இவ்வளவு நேரமும் அதை வாங்கிக்கொண்டு எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"போதும்" என்றேன். "போதும்ங்க, பேசாதீக."

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்றார்.

அந்த மனுஷரைப் போல ஒருத்தர் எனக்குக் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, இனிமேல் பேசவே வேண்டாம், கட்டை விரலே போதும், அதைப் பார்த்துக்கொண்டே நான் காலத்தை ஓட்டிவிடுவேன் என்று அழுதேன். அன்றைக்கு அவரைப் பேச வைத்தது மருந்துதான் என்று பிறகு மகளிடம் சொன்னேன். மருந்து ஒன்றும் இல்லை, நான்தான்.

மறுநாள் அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. தண்ணீரைக்கூட ஸ்பூனில் விட்டேன். வீடியோவில் வந்த நித்யஸ்ரீ டாக்டர் என்னைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினாள். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் எடுப்பது எவ்வளவு ஆபத்து தெரியுமா, நல்ல வேளை குறைந்த மருந்தாக இருந்தது, கடுமையானதை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் இருந்தது கிடையாது. அவள் அவரைப் பார்த்து, "இதை நீங்க எடுத்துக்கறீங்களா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. ஆச்சி சொல்ல வேண்டாம்" என்றாள். அவர் போனில் எழுதிக் காட்டினார். எடுத்துக்கொள்கிறேன், என் கையால் நானே விட்டுக்கொள்கிறேன், பாட்டில் என் பீரோவில் இருக்கட்டும் என்று. பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை அவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டு சொட்டில் ஆரம்பித்தார். முதலில் தூக்கம் மட்டும் வந்தது. டாக்டர் மெதுவாகக் கூட்டினாள், மதுரை டாக்டருக்கும் சொல்லிவிட்டுத்தான் கூட்டினாள். கஞ்சியிலிருந்து குழைந்த சாதத்துக்கு வந்தார். அது சொட்டு மருந்தினாலா, பழைய மாத்திரையினாலா, இல்லை இந்த நோவு தானாகவே சில காலம் சும்மா இருக்குமாமே, அதனாலா என்று இரண்டு டாக்டர்களும் அடித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேச்சு மட்டும் வரவில்லை. பயம் அவருக்கு, மறுபடியும் இழுத்துவிடுமோ என்று. அவரை நான் தூண்டவும் இல்லை. அன்றைக்கு அவர் சட்டைக் கழுத்து நனைந்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தைரியம் போய்விட்டது.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. எங்கள் ஆட்கள் எந்த நாட்டிலிருந்தாலும் செய்வார்கள். புதுத் துணியில் பிரித்த நூலைத் திரியாக்கி, நெய்யும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவில் சொருகிக் கொளுத்தி, எரிகிற சுடரோடேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். வீட்டில் மூத்தவர்தான் தானும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுப்பார். சௌபர்ணிகா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவர் தம்பி குடும்பம் வந்திருந்தது. எல்லாரும் வளவில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடவே கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தவர், வாயைப் பெரிதாகத் திறந்து நெருப்பைப் போட்டுக்கொள்வாரா? அவருக்காக நான் ஒரு உருண்டையைச் சுண்டைக்காய் அளவுக்குத் தனியாகப் பிடித்து வைத்திருந்தேன்.

அவர் அதைப் பார்த்தார்.

"இது யாருக்கு?" என்றார். வாய் திறந்து கேட்டார்.

"ஒங்களுக்குத்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "வாயை ரொம்பத் தொறக்க வேணாம்ல."

"என் வாய் எம்புட்டுத் தொறக்கும்னு எனக்குத் தெரியும்."

சுண்டைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு, தட்டில் இருந்ததிலேயே பெரிதாக ஒன்றை எடுத்தார். திரியைக் கொளுத்தினார். வாயை நன்றாகத் திறந்து சுடரோடு உள்ளே போட்டு மூடிக்கொண்டார். மென்றார். நான் அவர் வலது கையையே பார்த்தேன், கன்னத்துக்குப் போகிறதா என்று. அது மடியிலேயே கிடந்தது. விழுங்கி முடித்தார். எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நெய் பத்தலை."

"பத்தாம என்ன? கையெல்லாம் வழியுது, பாருங்க. பிசைஞ்சவளுக்குத் தெரியாதா?"

"தின்னவனுக்குத்தான் தெரியும். போன வருஷமும் இதே கதைதான்."

"போன வருஷம் நல்லாருக்குன்னு மூணு எடுத்துத் தின்னீகளே, அது யாரு?"

"மூணாவதுலயாவது நெய் இருக்கான்னு பாத்தேன்."

சௌபர்ணிகா, மாவு காய்கிறது, எங்களுக்கும் கொடுங்கள் என்று கத்தினாள். அவர் தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதால் அவர் நிறுத்திவிடுவார் என்று, அழுகையை விழுங்கிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சண்டை போட்டேன்.